மை தேங்கிய கிளை

பக்கத்து வீட்டுச் சிறுமி கேட்டது மனசை விட்டுப் போகவே மாட்டேனென்கிறது. "அத்தை, ராத்திரி இந்த மரத்த யாரு வஞ்சாங்க?"

முந்தின நாள் சாயங்காலம், என் படக்கதைக்காக நான் வரைந்த இதே புளியமரத்தைப் பார்த்து, "தூங்குது" என்று சொல்லிப் போனவள். அதற்குப் பிறகு நான் ஒரு கோடுகூடச் சேர்க்கவில்லை. கண், வாய் எதுவும் மரத்துக்கு வைக்கவும் இல்லை. வலப்பக்கக் கிளை பிரிகிற இடத்தில் தூரிகை சற்று நின்றிருக்கிறது, மை தேங்கிவிட்டது. அவள் விரல் வைத்தது அங்கேதான்.

கடுக்காய்த் தோலைக் காய்ச்சி வடித்து, அன்னபேதி என்கிற இரும்பு உப்பு கலந்த மை அது. தீட்டும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுத்தான் கறுக்கும். தேங்கின இடம் அட்டக்கறுப்பாகும். அன்னபேதி கூடிப்போனால் நாளடைவில் தாளையே அரித்துவிடும். பாட்டி அரிவாள்மனையில் நெல்லிக்காய் நறுக்கினால் விரல் நுனி கறுக்குமே, அதுவும் இதே சேர்க்கைதான்: துவர்ப்பும் இரும்பும். அந்த விரலைப் பார்த்தாலே பாட்டி கோபமாக இருக்கிறாள் என்று சின்ன வயதில் நினைப்பேன். பாட்டியோ யாரையும் அதட்டிப் பேசாதவள்.

கறுப்புக்கும் கோபத்துக்கும் யார் முடிச்சுப் போட்டது? சென்னை தாரா புக்ஸ் 2006-இல் கொண்டுவந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நினைவுக்கு வருகிறது. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய கோண்டு ஓவியர்களின் மரங்கள். கறுப்புத் தாளில் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்ட் செய்தவை. பகலெல்லாம் நிழலும் உணவும் தரும் மரம், எல்லோரும் போன பிறகு இரவில்தான் ஓய்கிறது என்பது கோண்டு நம்பிக்கை. அங்கே இருட்டு மரத்துக்கு இளைப்பாறுதல்.

என் படக்கதையின் மரமோ மேட்டூர் அணைக்குள் போன மரம். 1934-இல் அணை கட்டி முடிந்தது, ஊர்கள் முழுகின. இன்றும் நீர் இறங்கினால் பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும், பார்க்கக் கூட்டம் கூடும். அந்த ஊர்களில் நின்ற மரங்களை யார் கேட்கிறார்கள்? அப்படிப்பட்ட மரத்துக்குக் கோபம் இருக்கக் கூடாதா? இருந்தாலும், அதைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்கலாமா? முதலில் அது மரத்தின் கோபமா, என் கோபமா, வெறும் மை தேங்கினதா? தண்ணீர் கலந்து மையை இளக்கிப் பார்த்தேன். மரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மாதிரி ஆகிவிட்டது.

கிளையை அப்படியே விட்டிருக்கிறேன். அது சரிதானா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. பிள்ளைகளுக்குப் படக்கதை படித்துக்காட்டுகிறவர்கள், படத்தில் இருக்கிற மரம் என்ன நினைக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள். பதிலை மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.