துணையோடு ஏறும் மலை



எலியா இறைவாக்கினர் யெசபேல் அரசிக்கு அஞ்சி ஓடிய வரலாற்றை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இராது. பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, இனி வாழ வேண்டாமென்று ஆண்டவரிடம் சாவைக் கேட்டார். வானதூதர் தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அந்த உணவின் வலிமையால் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்தார். மூவாண்டு வாசகச் சுற்றின் இரண்டாம் ஆண்டில், பொதுக்காலத்துப் பத்தொன்பதாம் ஞாயிறன்று இப்பகுதி நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. அன்றைக்கு நற்கருணையைப் பற்றி மறையுரை ஆற்றாத குருவானவர் அரிது.

ஆனால் அந்த வாசகம் தொடங்குவது அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்திலிருந்து. அதற்கு முந்திய வசனம் வாசிக்கப்படுவதில்லை. அதில் சிறிய செய்தி ஒன்று இருக்கிறது. பெயேர்செபாவுக்கு வந்து சேர்ந்த எலியா, கூட வந்த தம் வேலையாளை அங்கேயே விட்டுவிட்டார். பிறகுதான் பாலைநிலம். பிறகுதான் சூரைச்செடி. துணையை விட்டதற்கும் சாவைக் கேட்டதற்கும் இடையில் ஒரே ஒரு நாள் நடை!

ஓரேப் மலையிலும் அவர் தாம் ஒருவர் மட்டுமே மிஞ்சியிருப்பதாக இரண்டு முறை முறையிடுகிறார். பெருங்காற்று, நிலநடுக்கம், நெருப்பு, பின்பு மெல்லிய ஓசை. நம் பிரசங்கங்கள் இந்த மெல்லிய ஓசையோடு முடிந்துவிடும், வேதாகமம் முடிவதில்லை. மண்டியிடாதவர் ஏழாயிரம் பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று சொல்லி, எலியாவை மலையிலிருந்து இறக்கி, எலிசா என்ற இளைஞனிடம் அனுப்புகிறார் ஆண்டவர். அந்த எலிசா யார்? பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தவன். நம் பகுதிப் போடியார் வீட்டுப் பிள்ளையைப் போன்றவன். அதன்பின், ஆண்டவர் தம்மை எடுத்துக்கொள்ளும் நாள்வரை எலியா மீண்டும் தனியே நடந்ததாக நாம் வாசிப்பதில்லை. அந்தக் கடைசி நாளிலும் அவர் மூன்று முறை பின்தங்கி இருக்கச் சொல்லியும் எலிசா விட்டுப் போகவில்லை.

கல்முனைக் கரையில் வாழும் நமக்கு மலையேறிப் பழக்கமில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல். தெளிந்த விடியற்காலையில் வயலுக்கு அப்பால் நீலக் கோடாகத் தெரிவதே நம்முடைய மலை. பாண்டிருப்பிலிருந்து மருதமுனைக்கோ, கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்கோ சைக்கிளில் போகிறவனுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சமதரையில் விழுந்தவன் தானே எழுந்து தூசி தட்டிக்கொண்டு போகலாம். ஆகவே, துணை என்றால் வழியில் பேச்சுக்கு ஓர் ஆள் என்பதற்குமேல் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. துணையின் பொருளை எனக்குக் கற்பித்தது ஒரு மலை.

கண்டிக்குத் தெற்கே ஹந்தானை என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதன் உயர்ந்த சிகரம் ஏறத்தாழ 3,800 அடி. ஒரு பக்கத்து அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம். மற்றொரு பக்கம் சற்றுத் தள்ளி அம்பிட்டியவில் நம் தேசிய குருமடம். 2003ஆம் ஆண்டில் நான் அக்குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மருதமுனைக் கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகன் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தார். சமாதான ஒப்பந்தக் காலம், வீதிகள் திறந்திருந்தன. கண்டி – கல்முனை பஸ்ஸில் அறிமுகமானோம். மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளில் நம் கரையோரத்து வயிறுகள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு, அங்கே பிறக்கும் சிநேகிதம் எவ்வளவு உறுதியானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை இருவரும் ஹந்தானை ஏறினோம். கீழ்ச்சரிவில் பைன் காடு. அது நம் நாட்டு மரமன்று. வெறுமையாய்க் கிடந்த மலைச்சரிவுகளில் நட்டு வளர்த்த கரிபியன் பைன். பார்வைக்கு அழகு. பேராலயத் தூண்களைப்போல் வரிசையாக நிற்கும். காற்று வீசினால் நம் கடற்கரைச் சவுக்குத் தோப்பின் இரைச்சல் கேட்கும். ஆனால் அதன் ஊசியிலைகள் நிலத்தில் மெத்தையாய் உதிர்ந்து கிடக்கின்றன. சரிவில் அதன்மேல் கால் வைப்பது எண்ணெய் தடவிய பலகையில் கால் வைப்பதுதான். எட்டிப் பிடிக்கக் கீழ்க்கிளையும் இல்லை. பைன் காட்டைத் தாண்டினால் ஆள் உயர மானாப்புல். அதற்கும் மேலே முட்பற்றை. முன்பு பாதையாயிருந்த இடத்தையும் பற்றை மூடியிருந்தது.

முன்னால் அவர், பின்னால் நான். பற்றைக்குள் முன்னே போகிறவன் கிளையைத் தள்ளிக்கொண்டு போவான். அவன் விட்டதும் அது வில்லைப்போல் நிமிர்ந்து பின்னே வருகிறவனின் முகத்தில் அடிக்கும். முட்கிளையானால் கண் போய்விடும். முன்னே போகிறவனுக்கு இது தெரிவதில்லை. அவன் பார்வை உச்சியில் இருக்கிறது. அவன் கெட்டவன் அல்லன். ஏறுகிறான், அவ்வளவுதான். என் சிநேகிதரோ ஒவ்வொரு கிளைக்கும் நின்றார். “பிரதர், புடிச்சிட்டீங்களா?” என்று கேட்டார். “புடிச்சிட்டன்” என்று நான் சொன்ன பிறகே கையை எடுத்தார். அரைமணி நேர வழி இரண்டு மணி நேரமாயிற்று. அவருடைய கால் என் காலைவிட வேகமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மூடுபனி இறங்கிவிட்டது. ஹந்தானையில் பனி மூடினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. நடக்கக் கூடாது என்று ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டோம். லுஹர் தொழுகைக்கு நேரமாயிற்று. கிப்லா எந்தப் பக்கம்? சூரியனையே காணோம். வந்த வழியைக் கணக்குப் பண்ணி இருவருமாக மேற்குத் திசையை ஊகித்தோம். அவர் தொழுது முடிக்கும்வரை அவருடைய பைக்கும் செருப்புக்கும் காவலாக இருந்து நான் என் நண்பகல் செபத்தைச் சொன்னேன். அவர் என்னைத் தம் மார்க்கத்துக்கு அழைக்கவில்லை. நானும் அவரை அழைக்கவில்லை. பனி விலக வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான மன்றாட்டாயிருந்தது. அது விலகியது. உச்சியில் பாணும் தேங்காய்ச் சம்பலும் தின்றுவிட்டு இறங்கினோம்.

அடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 26ஆம் திகதி, கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், முஸ்லிம் என்று அலை கேட்கவில்லை. ஒருவர் வீட்டுப் பிணத்தை மற்றவர் தூக்கினார். அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை, உங்களுக்கே தெரியும்.

நான் எழுத வந்தது 2019ஐப் பற்றி. அவ்வாண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயம், நம் மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், கொழும்பில் ஹோட்டல்கள். இருநூற்றறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். ஐந்து நாட்களின் பின், 26ஆம் திகதி இரவு, நம் அயலூரான சாய்ந்தமருதில் படையினர் சுற்றிவளைத்த ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்தன. அங்கே மாண்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அவ்வீட்டில் குடிவந்தவர்கள்மேல் ஐயங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது முஸ்லிம் மக்களே. இந்தச் செய்தியை நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

அடுத்த மாதம், ஆலய வாசலில் இராணுவத்தினர் நின்று பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு பிற்பகல் என் மருதமுனைச் சிநேகிதர் வந்தார். அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, வெயிலில் வரிசையில் நின்றார். நான் வெளியே சென்று கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். அவரால் பேச முடியவில்லை, அழுதார். அவர் போன பிறகு பங்கு மக்களுள் ஒருவர், நல்ல மனிதர், தயங்கித் தயங்கி என்னைக் கேட்டார்: “ஃபாதர், இந்த நேரத்தில அவங்களோட நமக்கு என்ன?”

அக்கேள்வியை நான் கடிந்துகொள்ளவில்லை. அது வலியிலிருந்து வந்த கேள்வி. இந்தக் கரையில் வலி யாருக்கும் தனிச்சொத்தன்று. 1990ஆம் ஆண்டில் இழந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்றும் அழுகிற தாய்மார் தமிழ்த் தெருக்களிலும் இருக்கிறார்கள், முஸ்லிம் தெருக்களிலும் இருக்கிறார்கள். காணி, எல்லை, பிரதேச செயலகம் என்று இரு சமூகத்துக்கும் இடையில் வழக்குகள் உண்டு. அவற்றைப் பேசாதிருப்பதே அன்பு என்று நான் போதிக்க வரவில்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்று நம் ஆயர்கள் விடாமல் கேட்டு வருகிறார்கள். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்ட ஐவர் நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி கேட்பது நம் கடமை. சந்தையில் ஒரு முஸ்லிம் தாயைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது நீதி கேட்பதாகுமா?

பெற்றோரே, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ‘அவங்கள்’ என்று தொடங்கி நாம் சொல்லும் ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் நாம் தள்ளிவிட்ட முட்கிளை. நம் முகத்தில் அது அடிப்பதில்லை. நாம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவோம். பின்னால் வருகிற நம் பிள்ளையின் முகத்தில் அடிக்கும். அவன் மறுநாள் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் செல்வான். அங்கே பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளையின் முகத்தில் அடிக்கும். அந்தப் பிள்ளைக்கு 2019இல் என்ன வயது? பிறந்தேயிருக்காது சில வேளை. முஸ்லிம் வீடுகளிலும் இதே கிளையைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு என்பீர்கள். உண்டு. அவர்களுக்கு அவர்களுடைய மௌலவி சொல்லட்டும். எனக்குக் கொடுக்கப்பட்ட மந்தை நீங்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயத்தவரோடு திருச்சபைக்குள்ள உறவைப் பற்றி 1965 ஒக்டோபர் 28ஆம் திகதி வெளியிட்ட அறிக்கையில், கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நூற்றாண்டுக் கணக்கில் பகை இருந்ததை மறைக்கவில்லை. அதை ஒப்புக்கொண்ட பின்பே ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உண்மையாக முயலும்படி கேட்டுக்கொண்டது. துணைக்கு நம் வேதத்தவர் போதாதா என்று இன்னும் கேட்பவர்களுக்குப் பழைய கதை ஒன்று சொல்லுகிறேன்.

1344ஆம் ஆண்டில் மொரோக்கோ தேசத்து முஸ்லிம் பயணி இபுனு பதூதா நம் தீவுக்கு வந்தார். நாம் சிவனொளிபாதமலை என்பதை முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பார்கள். போர்த்துக்கேயருள் சிலர் அங்குள்ள பாதச்சுவடு புனித தோமையாருடையது என்றார்கள். 2,243 மீற்றர் உயரம். இபுனு பதூதாவுக்கு அம்மலையைத் தரிசிக்க ஆசை. புத்தளத்தில் அவரை வரவேற்றவன் தமிழ் மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி. அவன் பல்லக்குக் கொடுத்தான். துணைக்கு ஆட்களையும் கொடுத்தான். எத்தகைய ஆட்கள் பாருங்கள்: ஆண்டுதோறும் அம்மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் பரிவாரத்தில் பத்துப்பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். முஸ்லிமின் யாத்திரைக்கு யோகிகள் வழிகாட்டிகள்! செங்குத்தான பாறையில் பிடித்து ஏறப் பத்துச் சங்கிலிகள் இருந்தனவாம். கடைசிச் சங்கிலிக்குக் கலிமாவின் பெயர். அங்கே நின்று கீழே பார்த்தவன் பயத்தில் கலிமாச் சொல்லுவான் என்பதால். காட்டு வழியில் அட்டை கடித்தால் எலுமிச்சம்பழம் பிழிவார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார். அட்டைகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

மலையேறுவது உல்லாசம், அதற்கும் ஞாயிறு மறையுரைக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவர் யாராவது குறைப்பட்டால், பியர் ஜோர்ஜியோ பிரசாத்தியின் பெயரைச் சொல்லுங்கள். இத்தாலியின் தூரின் நகரத்து இளைஞர். சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு அல்ப்ஸ் மலைகளில் ஏறுவதே அவர் விருப்பம். ஏழைகளுக்குத் தொண்டு செய்தவர். இருபத்துநான்கு வயதில், 1925இல் மரித்தார். 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார்.

இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளே, விடுமுறையில் எங்கே சுற்றுலாப் போகலாம் என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்கிறீர்கள். இம்முறை சிவனொளிபாதமலைக்குப் போங்கள். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாதத்து வெசாக் வரை பருவகாலம். நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஆளுக்கொரு முஸ்லிம் வகுப்புத் தோழனை அழைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவனுடைய வாப்பாவையும் உம்மாவையும் வீட்டுக்குப் போய்க் கண்டு கேளுங்கள். மெதுவாக ஏறுகிறவனை முன்னால் விடுங்கள். கம்பளிச் சட்டை, மழைச் சட்டை, கைவிளக்கு, உப்பு, எலுமிச்சம்பழம் இரண்டு. வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ தவறிவிடும். ரமழான் மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள். அவ்வளவு படி ஏறுகிறவன் நடுவில் தண்ணீர் குடிக்க வேண்டும்.