கோழி பார்த்தல்

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. கடம்பத்தூர் ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டி நின்று கிளம்பும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு ஒரு சேவல்.

*

வீட்டுப் பின்புறம் சும்மா கிடக்கிறது. முருங்கை, துவைக்கிற கல், கொஞ்சம் நிழல். நாலு பெட்டை, ஒரு சேவல் போதும் என்று மனம் சொல்கிறது. சொல்லிவிட்டு வேறெங்கோ போகிறது.

*

மொபெட்டில் கூடை கட்டி ஒருவர் வருகிறார். பச்சை, ரோஸ், ஊதாக் குஞ்சுகள். முட்டைப் பண்ணைக்கு வேண்டாத ஆண் குஞ்சுகள். பொரித்த அன்றே பிரித்து ஒதுக்கியவை. சாயத்துக்கு அடியில் எல்லாம் ஒரே நிறம்.

குழந்தைகள் கை நீட்டுகிறார்கள். வண்டி நகர்கிறது.

*

வாரச் சந்தை. கால் கட்டி, தலைகீழாக. வெயிலில் அலகு திறந்தே இருக்கிறது.

ஒரு வீட்டில் நோய் நுழைந்தால், மிச்சம் இருப்பதைச் சந்தைக்குக் கொண்டுவந்து காசாக்கிவிடுகிறார்கள். கோபப்பட முடியவில்லை. வாங்கவும் முடியவில்லை.

*

கோழியைக் கடைசியில் பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன். முதலில் தண்ணீர்ச் சட்டி. பாசி பிடித்திருக்கிறதா. அடுத்து தரை. எச்சம் கெட்டியாக, நுனியில் வெள்ளை படர்ந்து கிடக்கிறதா, பச்சையாக நீர்த்துக் கிடக்கிறதா. அடுத்து மூலை. இறக்கையைத் தொங்கவிட்டு, கண் செருகி, தனியாக நிற்பது எதுவும் இருக்கிறதா.

இருந்தால், அதை நான் பார்ப்பதை விற்கிறவர் எப்படிப் பார்க்கிறார்.

*

ஊருக்கு வெளியே, கூவம் ஆற்றுப் பக்கம். இங்கே அது இன்னும் மணலும் நாணலுமாக இருக்கிறது.

மாமரத்தடியில் சிறுவிடைக் கோழிகள். கறுப்பு, செவலை, பொறி போட்டது ஒன்று. ஒரு ஆயா நொய்யை அள்ளி வீசுகிறார். ப்பா… ப்பா… ப்பா.

எல்லாம் ஓடி வருகின்றன. பின்தங்கியது எது என்று கண் தேடுகிறது.

*

கவிழ்த்த பானை ஒன்று. உள்ளே நனைந்த சாணம், வைக்கோல், பழைய சாக்கு. இரவு வைத்தது. ஆயா நிமிர்த்துகிறார். கரையான். குஞ்சுகள் விழுந்து பொறுக்குகின்றன. சின்னச் சின்ன அலகின் சத்தம்.

கதவில் சுண்ணாம்புக் கட்டியால் தேதிகள் எழுதியிருக்கின்றன. ஊசி போட்ட தேதிகள். பழையது அழியாமல் அதன் கீழேயே புதியது.

*

கையில் ஒரு பெட்டை. சூடு.

கண்ணில் நீர் இல்லை. மூக்குத் துளை காய்ந்திருக்கிறது. நெஞ்செலும்பைத் தடவுகிறேன். இரு பக்கமும் சதை. இறக்கையைத் தூக்கி ஊதுகிறேன். இறகு பிரிந்து தோல் தெரிகிறது. பேன் இல்லை. காலில் செதில் தூக்காமல் வழவழவென்று ஒட்டியிருக்கிறது. பின்புறத்து இறகில் எதுவும் ஒட்டவில்லை.

காதருகே வைக்கிறேன். மூச்சில் கரகரப்பு இல்லை. வேகமான இதயம்.

*

"இன்னிக்கு வேணாம் தம்பி. நேத்து ராத்திரி அந்தச் செவல தும்முச்சி. எல்லாம் ஒரே கூட்லதான் கீது. ரெண்டு வாரம் போவட்டும். அப்புறம் வா."

பெட்டையைக் கீழே விடுகிறேன். உடம்பை உதறிக்கொள்கிறது. நடக்கிறது.

காசு பையிலேயே இருக்கிறது. ஆயா முகத்தில் மாற்றம் இல்லை. மறுபடியும் நொய்.

*

கோழிக் கழிச்சல் நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டது. அடுத்த ஆண்டே குமாவுன் மலையில், ராணிக்கேத்தில். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிகிறது. கழுத்து திருகிக்கொள்கிறது. சில நாளில் கூடு காலி.

வந்தபின் மருந்தில்லை. வருமுன் ஏழாம் நாள் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு. எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. தடுப்பு மருந்து சூடு தாங்காது. ஐஸ் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். இதே ரயில் பாதையின் மேற்கே, அரக்கோணம் தாண்டி, ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது.

ஒரு சொட்டு. குஞ்சு கண்ணை மூடித் திறக்கிறது.

*

கால்நடைப் பல்கலைக்கழகத்தார் வளர்த்தெடுத்த நந்தனம் கோழி உண்டு. ஹைதராபாத்திலிருந்து வந்த வனராஜா உண்டு. நிறைய முட்டை. அப்படி நிறைய இடுவதற்காகத் தேர்ந்தெடுத்த இனங்களில் அடை உட்காரும் குணம் தேய்ந்துபோகிறது.

சிறுவிடை பத்துப் பன்னிரண்டு இட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது. உட்கார்கிறது. 21 நாள். இரை தின்ன மட்டும் எழுகிறது.

கொல்லைக்கு எனக்கு இதுதான் பிடிக்கிறது. முட்டைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது.

*

தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில், சுமார் 3,500 ஆண்டுக்கு முந்தைய கோழி எலும்புகள். வீட்டுக்கோழியின் மிகப் பழைய தடயம் அதுதான் என்று 2022இல் வந்த ஆய்வு சொல்கிறது. நெல் விளைந்தது. காட்டுக்கோழி சிந்திய நெல்லுக்கு வந்தது.

இங்கும் களத்துமேட்டில் நெல் சிந்துகிறது.

*

காசில்லாமலும் கோழி கை மாறுகிறது. வாரத்துக்கு விடுகிறார்கள். பெட்டை ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது, குஞ்சில் பாதிப் பாதி. எழுத்து இல்லை. கீரி தூக்கியது என்றால் கீரி தூக்கியதுதான்.

*

இரவு. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் திரும்புகிறது. வெளிச்சம் முருங்கையைத் தொட்டுப் போகிறது.

தனிக் கூடை ஒன்று தயாராகிறது. எங்கிருந்து வந்தாலும், யார் கொடுத்தாலும், புதுக்கோழி மூன்று வாரம் அதற்குள். வேறு தண்ணீர், வேறு தீனி. கொடுத்தவர் மேல் சந்தேகம் இல்லை. நோய்க்குக் கொடுத்தவர் யாரென்று தெரியாது.

*

ஆயா வீட்டுச் செவலை இப்போது தும்மவில்லையாம்.

*

அடுத்த ஊசி பிப்ரவரியில். அந்த மாதத்தின் முதல் இரண்டு வாரம் கால்நடைத் துறை முகாம் நடத்தி, கழிச்சல் தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறது.