மகளுக்கும் பங்குண்டு



தகப்பன் ஆஸ்தியைத் தனக்குப் பங்கிட்டுத் தரும்படி தன் சகோதரனுக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவன் கேட்டபோது, சேசுநாதர் சுவாமி பாகம் பிரிக்கச் சம்மதிக்கவில்லை. பொருளாசைக்கு எச்சரிக்கையாயிருக்கும்படி புத்தி சொன்னார். நம் வீடுகளில் அந்தப் பொருளாசை எப்போது தலைகாட்டுகிறது? தகப்பனாருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும்போதல்லவா?

"கலியாணத்துக்கு நகை போட்டாயிற்றே" என்பார்கள். கிறிஸ்தவர்களாகிய நமக்குரிய 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் இந்த நியாயத்தை ஏற்பதில்லை. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம். மீதி, ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமபாகம். முன்னே கொடுத்ததை அதில் கழிக்கலாகாது. திருவிதாங்கூரின் பழைய சட்டமோ, மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் குறைந்ததையே மகளுக்கு அளித்தது. மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில், அது 1951 முதலே செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு 1986-ல் தீர்ப்பளித்தது.

தகப்பன்மாரே, புத்தி தெளிவாயிருக்கும்போதே உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும்; சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதேயுங்கள். யாருக்கும் எழுதலாம் என்று சட்டம் விட்டிருப்பதால் மகளைத் தள்ளிவிடாதேயுங்கள்.

சகோதரியை வற்புறுத்திக் கையெழுத்து வாங்கியவர்களே, பாவசங்கீர்த்தனம் மாத்திரம் போதாது. அவள் பங்கை அவளுக்குத் திரும்பக் கொடுங்கள். அடுத்த திருநாளுக்கு அவளும் சந்தோஷமாய்த் தாய்வீடு வரட்டும்.