ஒட்டகமும் பருந்தும்



சித்திரை வெயிலில் சங்ககிரி மலைப் பக்கம் அண்ணாந்து பாருங்கள். பருந்து இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு மேலே ஏறுகிறது. அதைத் தூக்குவது எது? நம்மை வாட்டுகிற அதே வெயில்தான். பாறையும் காய்ந்த நிலமும் சூடேற, அனற்காற்று மேலெழும்புகிறது. பருந்து அதற்கு இறக்கையை விரித்துக் கொடுக்கிறது, அவ்வளவே.

ஒட்டகம் நம் ஊர்ப் பிராணியன்று. இராஜஸ்தானுக்குச் சரக்கேற்றிப் போகும் நம் லாரிக்காரச் சகோதரர்கள் கண்டிருப்பார்கள். அதற்குப் பறக்க வழியில்லை. ஆகையால் வெயிலைப் பொறுத்துக்கொள்கிறது. அதன் திமிலில் இருப்பது தண்ணீரன்று, கொழுப்பு. பஞ்ச காலத்துச் சேமிப்பு. தண்ணீர் கிடையாத நாட்களில் அதன் உடற்சூடு காலையில் சுமார் 34 டிகிரி, மாலையில் 40 டிகிரி வரை ஏறும். வியர்வையைக் கூட வீணாக்காமல் நடக்கிறது.

இவற்றுள் எது மேல்? லேவியராகமம் 11-ம் அதிகாரம் இரண்டையும் உண்ணத்தகாதவை என்று தள்ளுகிறது. ஆனாலும் நம் ஞானவாழ்வுக்கு இரண்டும் பாடம் சொல்லும். ஆண்டவரை நம்பினவர்களுக்கு, பருந்தின் இனமான கழுகின் இறக்கையை உவமையாக்குகிறார் இசையாஸ் தீர்க்கதரிசி (40-ம் அதிகாரம்). ஆதியாகமம் 24-ம் அதிகாரத்திலோ, அபிரகாமின் ஊழியன் மாலை வேளையில் 10 ஒட்டகங்களையும் கிணற்றருகே மண்டியிடச் செய்து, தானும் ஜெபிக்கிறான்.

ஒட்டகம் இருமுறை மண்டியிடும்: காலையில் சுமை ஏற்ற, மாலையில் சுமை இறக்க. நாமோ ஏற்றிக்கொள்கிறோம், இறக்குவதில்லை. லாரித் தவணை, வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்கிய கடன், கோழிப்பண்ணை நஷ்டம் — மனைவிக்கும் தெரியாமல் சுமந்து, தூக்கமின்றிப் புரளும் தகப்பன்மார் நம்மிடையே இல்லையா? மறைத்த சுமைதான் முதுகை முறிக்கும்.

பருந்திடம் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எவ்வளவு உயரப் பறந்தாலும் அதன் கண் கீழே செத்த கோழியின்மேல். பூசையில் கைகூப்பி நின்று, அடுத்த வீட்டான் வாங்கிய புது லாரியை எண்ணிப் பொருமுகிறவன் அப்படிப்பட்டவனே.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். இராச் சாப்பாட்டுக்கு முன் குடும்பமாக முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லுங்கள். பிள்ளைகள் உறங்கியபின், மறைத்த கடனைக் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுங்கள். சொன்னதால் கடன் தீராது. ஆனால் இருவர் சுமப்பீர்கள், ஆண்டவரும் உடன் சுமப்பார். முதலில் ஒட்டகம்போல் மண்டியிடுங்கள். பிறகு வாட்டுகிற அந்த வெயிலே உங்களை மேலே தூக்கும்.

ஆண்டவருடைய ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.

— பங்குக் குரு