குழலில் சிக்கிய துணி

தவறு செய்தவன் அதனை மறைத்தலாகாது என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த நீதி. பள்ளியிலே அதனைப் போதிக்கிறோம், மேடையிலே முழங்குகிறோம். ஆயினும், நம்மிற் பெரும்பாலோர் தவற்றை மறைத்தே வாழ்கிறோம். இதற்குக் காரணம் மனத்தின் கோணல் மட்டுந்தானா? அன்றி, ஒப்புக்கொள்ள வருகின்றவனை நாம் நடத்தும் முறையும் ஒரு காரணமா? இக்கேள்வியை ஒரு துப்பாக்கியை முன்வைத்து ஆராய விழைகின்றோம். நீதி பேச வந்தவர் துப்பாக்கியைத் தூக்குவானேன் என்று அன்பர்கள் மருள வேண்டா. சுடுவதைப் பற்றியன்று, துடைப்பதைப் பற்றியே பேசப் போகின்றோம்.

நாம் வாழும் ஊர் கெலுகோர். 1985-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் தீவை வந்தடையும் இடம் அது. அப்பாலத்தைக் கடந்து, பெருநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணி வேலை பார்த்து மாலையில் திரும்புகின்றோம். திரும்பும்போது கண்ணிற் படுவது பல்கலைக்கழகக் குன்று. இன்று மாணவர் புத்தகமுங் கையுமாய் நடக்கின்ற அந்நிலம், ஒரு காலத்தில் மிண்டன் பாரக்ஸ் என்னும் பிரிட்டிஷ் படைவீடாய் இருந்தது. ஜெர்மனியில் 1759-இல் நடந்த ஒரு போரின் பெயரை இந்தத் தென்னஞ்சோலைக்கு இட்டார்கள். 1971-இல் பல்கலைக்கழகம் அங்கே குடிபுகுந்தது. பெயர் மட்டும் இன்றும் நின்று நிலவுகின்றது.

அந்நாளில் பிரிட்டிஷ் சிப்பாயின் தோளில் தொங்கியது லீ-என்பீல்ட் துப்பாக்கி. 1942 பெப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்த பின்னர், பிரிட்டிஷார் விட்ட துப்பாக்கிகள் இந்திய தேசிய இராணுவத்தின் கைக்கு வந்தன. பால்வெட்டுக் கத்தியன்றி வேறு கருவி பிடித்தறியாத நம் தோட்டத்துத் தமிழர் பலர் அப்படையிற் சேர்ந்தனர். 1943-இல் ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்த தோட்டத்துப் பெண்களும் உண்டு. துப்பாக்கி ஏந்திய எவரும் சுடக் கற்பதோடு துடைக்கவும் கற்றாக வேண்டும். அக்காலத்துத் தோட்டாவைக் கொளுத்தும் மருந்து, வெடித்த பின் குழலில் ஒருவகை உப்பை விட்டுச் செல்லும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவை அழைக்கும். நம் நாட்டுக் காற்றின் ஈரத்தைச் சொல்லவும் வேண்டுமோ? ஆகவே, சுட்ட பின் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் பூசி வைப்பது விதியாயிற்று.

துடைப்பதற்கு ஒரு கயிறு உண்டு. புல்த்ரூ என்பது அதன் பெயர். துப்பாக்கியின் அடிக்கட்டையில் ஒரு பொந்து. அதற்குள்ளே கயிறும் எண்ணெய்ப் புட்டியும் இருக்கும். கயிற்றின் ஒரு முனையில் பித்தளைக் குண்டு. அதனைக் குழலின் பின்வாயில் இட்டால், முன்வாய் வழியாக வெளிவரும். கயிற்றின் கண்ணியில் 4 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உள்ள துணித்துண்டைச் செருகி, ஒரே இழுப்பாய் இழுத்துவிட வேண்டும். குழலின் துவாரமோ 0.303 அங்குலம், நம் சுண்டுவிரலும் நுழையாது. துணி சற்றே பெரிதாயினும், மடிப்பு ஒன்று மிகையாயினும், நடுவழியிற் சிக்கிக்கொள்ளும். முன்னும் போகாது, பின்னும் வாராது.

அந்த நொடியில் அவ்விளைஞனின் மனம் என்ன பாடுபடும்! பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார்களா என்று கண் சுழலும். மேலதிகாரி ஏசுவாரே, தண்டனை வருமே என்று நெஞ்சு பதறும். முதலில் தோன்றும் எண்ணம், இன்னும் பலமாய் இழுப்போம் என்பது. இழுக்கிறான், கயிறு அறுகிறது, துணி இன்னும் இறுகுகிறது. அடுத்த எண்ணம், கம்பியால் குத்தித் தள்ளுவோம் என்பது. குத்துகிறான், குழலின் உட்புறத்துச் சுழல்வரிகள் சிதைகின்றன. மூன்றாவது எண்ணமே கொடியது: ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் துணி பறந்துபோகாதா? போகாது. விரைந்து வரும் குண்டு அடைப்பில் முட்ட, குழல் வீங்கும், அன்றி வெடிக்கும். வெடித்தால் தண்டனை பெறுவது துணியன்று. சுட்டவனின் கண்ணும் கையுமாகும். ஏதுஞ் செய்யாமல் துப்பாக்கியை அப்படியே அடுக்கில் வைத்துவிட்டாலோ, மறுநாள் அதனை எடுத்துச் சுடப்போகும் வேறொருவன் அந்தத் தண்டனையைப் பெறுவான்.

இங்கே அன்பர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்கயிற்றில் மூன்று கண்ணிகள் இருந்தன. கம்பி வலை செருக ஒன்று. துணி செருக ஒன்று. கடைக்கோடியில் இருந்த மூன்றாவது கண்ணி எதற்கு? துணி சிக்கிக்கொண்டால், அதனைப் பற்றி வந்த வழியே திருப்பி இழுப்பதற்கு. அவ்வேலையும் சிப்பாயினுடையதன்று, அதற்கென்று பயின்ற ஆயுதக் கம்மியரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. துணி சிக்கும் என்பதைக் கயிற்றைப் பின்னியவன் முன்னரே அறிந்திருந்தான்! மனிதன் தவறுவான் என்று எண்ணி, அத்தவறு திரும்பிவர ஒரு கண்ணியைக் கயிற்றிலேயே வைத்தான். அக்கண்ணி பயன்பட வேண்டுமானால், “ஐயா, சிக்கிவிட்டது” என்று சிப்பாய் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்ல அஞ்சுகின்ற படையில் மூன்றாவது கண்ணி இருந்தும் இல்லாததே.

மற்றொன்றுங் கூறுவோம். துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைத் துடைப்பதற்காகக் கழற்றுவார்கள். திரும்பப் பூட்டும்போது அது நுழைய மறுத்தால், சுத்தியலைத் தேடுவது மடமை. போல்ட்டின் தலை சரியாகத் திருகப்படாமல் இருக்கலாம். சரியாகத் திருகினால் இணங்கிவிடும். அன்றி, அது அடுத்தவனுடைய போல்ட்டாகவும் இருக்கலாம். ஒவ்வொரு போல்ட்டும் தன் துப்பாக்கிக்கென்றே பொருத்தப்பட்டது. இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே, அறிவுடையவன் முதலில் எண்ணைப் பார்ப்பான். இணங்காத பொருள் ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லுகின்றது. பலத்தைக் காட்டுகின்றவன் அதனைக் கேட்பதில்லை.

இது நம்மவர்க்குப் புதிய பாடமன்று. ரப்பர்க் காட்டிலே பால்வெட்டிய நம் பாட்டன்மார் இதனை நன்கறிவர். பால் குறைவாக வடிகிறதே என்று கத்தியை ஆழ அழுத்தினால் பட்டைக்கு உள்ளேயுள்ள உயிர்த்தோல் புண்படும். அவ்விடம் முண்டும் முடிச்சுமாய் வளரும். பின்னர் வெட்டுவதற்கே உதவாது. ஆழமாய் வெட்டியவன் அன்றைக்குத் தப்பலாம், மரம் தப்பாது.

இனி, நமது குற்றத்தையும் சொல்லிவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில், உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மாளின் மூன்று நாள் வேலையை வேறொருவர் பெயருக்கு நேரே எழுதிவிட்டோம். சம்பள நாளன்று அந்த அம்மாள் வந்து, “கிராணி ஐயா, மூணு நாள் விட்டுப்போச்சுங்க” என்றார். ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர் நாம், எழுத்தறியாதவர் அவர். புத்தகத்தைப் புரட்டினோம், தவறு கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும், மேலாளர் அறிந்தால் என்னாவது என்னும் அச்சத்தால், “கணக்குத் தப்பாதம்மா” என்று பலர் முன்னிலையில் சொல்லி அனுப்பிவிட்டோம். அடுத்த மாதம் அவர் பெயரில் வேலை செய்யாத மூன்று நாளைச் சேர்த்துச் சரிக்கட்டினோம். துணி சிக்கியது முதல் மாதம். கம்பியால் குத்தியது இரண்டாம் மாதம். முன்பு ஒரு பிழை இருந்தது. இப்போது ஒரு பிழையும் ஒரு பொய்யும் ஆயின. அந்த அம்மாளைக் கூட்டாளிகள் ‘இல்லாத நாளுக்குக் காசு கேட்டவள்’ என்று ஏளனம் பேசியது நம் காதில் விழுந்த பின்னரே மேலாளரிடம் போய் ஒப்புக்கொண்டோம். அவர் பத்து நிமிடம் ஏசினார், கணக்கைத் திருத்தினார், அவ்வளவே. இரண்டு மாதம் நாம் அஞ்சியது அந்தப் பத்து நிமிடத்திற்காக! மறுநாள் காலைப் பெரட்டில் எல்லார் முன்னிலும் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் சாக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கூசி நின்ற அந்த இரண்டு மாதத்தை எதைக்கொண்டு திருப்பிக் கொடுப்பது?

அச்சம் இல்லாவிடில் ஒழுங்கு இராது என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை சிறிதுண்டு. கவனமின்றித் துணியைத் திணிப்பவனைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால், திணித்ததற்கு ஒரு கண்டனமும், சொன்னதற்கு மற்றொரு கண்டனமும் என்றால் எவன் சொல்லுவான்? சொன்னவனுக்கும் மறைத்தவனுக்கும் ஒரே தண்டனை என்றாலும், அகப்படாமல் இருந்து பார்ப்போம் என்றே மனம் துணியும். அச்சம் தவற்றைக் குறைப்பதினும் தவற்றின் செய்தியைக் குறைப்பதிலேயே வல்லது. செய்தி வாராத இடத்தில் எல்லாம் ஒழுங்காய் இருப்பது போலவே தோன்றும், குழல் வெடிக்கும் நாள்வரை.

வீட்டிலும் இதுவே நடக்கின்றது. தேர்வில் தவறிய பிள்ளை தாளை ஒளிக்கின்றான். கடன்பட்ட கணவன் மனைவியிடம் மறைக்கின்றான். பிள்ளை பொய்யனாகிவிட்டானே என்று தலையில் அடித்துக்கொள்கின்றோம். உண்மை சொல்லிய அன்று அவனுக்கு நாம் கொடுத்தது என்ன என்பதை எண்ணிப் பார்த்தோமா?

தோழர்களே! தவறாத மனிதனை நாம் உண்டாக்க முடியாது. தவறியவன் அஞ்சாமல் வந்து நிற்கக்கூடிய வாசலை உண்டாக்க முடியும். பெற்றோரும், ஆசிரியரும், மண்டோரும், நம்மைப் போன்ற கிராணிமாரும் அவரவர் கையிலுள்ள கயிற்றில் மூன்றாவது கண்ணி இருக்கின்றதா என்று இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் நமது மேசைக்கு முன்னே ஒரு நாற்காலி போட்டிருக்கின்றோம். கணக்குத் தவறென்று சொல்ல வருகின்றவர் இப்போது அதில் உட்கார்ந்து பேசுகின்றார்.