இருபது வயதில் யாராவது சொல்லியிருந்தால்!

(அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷம், 25-ம் அதிகாரம்: தாலந்துகளின் உவமை)



வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் அடிக்கடி எழுகிற பேச்சு ஒன்றுண்டு. "இருபது வயதில் இதை எனக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால்!" என்பதே அது. முதல் சம்பளத்திலிருந்தே கொஞ்சம் சேர்த்திருக்கலாம் என்பார் ஒருவர். சிநேகிதனுக்காகப் பிணைக் கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாம் என்பார் மற்றொருவர். கை வந்த தொழிலை விட்டு, ஊர் மெச்சுகிற வேலையைத் தேடி அலைந்ததைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார் வேறொருவர்.

இவையெல்லாம் விலை கொடுத்து வாங்கிய புத்திமதிகள். ஆனால் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு அவை போய்ச் சேருவதில்லை. இருபது வயதில் இருந்த நீங்கள் இன்று எங்கும் இல்லை. அந்த வாலிபனுக்கு ஆள் அனுப்பிச் சொல்ல முடியாது. எனினும் அதே வயதில் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார் அல்லவா? உங்கள் மகன், உங்கள் மகள், உங்கள் பேரன்! உங்களுக்கு நீங்களே சொல்ல விரும்பியதை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

நமதாண்டவர் சொன்ன தாலந்துகளின் உவமையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். தூரதேசம் புறப்பட்ட எசமான் ஒரு ஊழியனிடம் ஐந்து தாலந்தும், இன்னொருவனிடம் இரண்டும், மூன்றாமவனிடம் ஒன்றும் ஒப்படைத்தான். தாலந்து என்றதும் ஏதோ சில்லறைக் காசு என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலத்துக் கணக்கில் ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஒரு தாலந்து என்பது 20 வருஷத்துக் கூலி! ஆகவே ஒன்றே ஒன்று பெற்றவனும் வெறுங்கையனல்ல.

அவன் அந்தப் பணத்தைத் திருடவில்லை, குடித்து அழிக்கவில்லை, சூதாடித் தோற்கவில்லை. மண்ணைத் தோண்டிப் புதைத்தான், அவ்வளவுதான். அதற்கே அவன் கண்டிக்கப்பட்டான். வட்டிக்கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தால்கூட வட்டியாவது வந்திருக்குமே என்று எசமான் கேட்கிறான். இந்த உவமை சர்வேசுரன் நமக்குத் தந்த எல்லா வரங்களையும் குறிக்கும். இன்று அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இளமையும், அந்த இளமையில் கிடைக்கும் சம்பாத்தியமுமே அது.

முதலாவது, காலத்தைப் புதைக்காதீர்கள்.

"இப்போதுதானே வேலைக்குப் போகிறான், கொஞ்ச நாள் அனுபவிக்கட்டும், சேமிப்பைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லுகிற பெற்றோர் உண்டு. அந்தப் "பிறகு" என்பதன் விலை என்ன என்று பாருங்கள். 2015-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேரலாம். (வருமான வரி செலுத்துகிறவர்கள் 2022 அக்டோபர் முதல் புதிதாகச் சேர முடியாது.) 60 வயதுக்குமேல் மாதம் 5,000 ரூபாய் பெற விரும்புகிறவர், 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய் கட்டவேண்டும். 30 வயதில் சேர்ந்தால் 577 ரூபாய். 40 வயதில் சேர்ந்தால் 1,454 ரூபாய்! முந்திச் சேர்ந்தவர் 42 வருஷத்தில் கட்டுகிற மொத்தம் ஏறக்குறைய 1,06,000 ரூபாய். பிந்திச் சேர்ந்தவர் 20 வருஷத்தில் கட்டுவது ஏறக்குறைய 3,49,000 ரூபாய். கிடைக்கிற ஓய்வூதியமோ இருவருக்கும் ஒன்றே. மீதியை யார் கட்டினார்? காலம் கட்டியது. வாலிபனிடம் பணம் இல்லாமலிருக்கலாம், காலம் இருக்கிறது. அதுவே அவனுடைய தாலந்து.

யாக்கோபின் குமாரனாகிய சூசையை நினைத்துப் பாருங்கள். எகிப்தில் ஏழு வருஷம் விளைச்சல் பெருகியபோது, விளைந்ததில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியங்களில் சேர்த்து வைக்கச் செய்தார். பஞ்சம் வந்த ஏழு வருஷமும் எகிப்து மட்டுமல்ல, அக்கம்பக்கத்துத் தேசங்களும் அதனால் பிழைத்தன. 20,000 ரூபாய் வாங்குகிறவருக்கு ஐந்தில் ஒன்று 4,000 ரூபாய். அவ்வளவு முடியாவிட்டால் பத்தில் ஒன்று. அதுவும் முடியாவிட்டால் 200 ரூபாய். தொகை அல்ல முக்கியம். சம்பளம் கைக்கு வந்த அன்றைக்கே எடுத்து வைக்கிற பழக்கமே முக்கியம். செலவு போக மிஞ்சியதைச் சேர்ப்போம் என்றிருக்கிறவர்களுக்கு எந்த மாதமும் மிஞ்சுவதில்லை.

இரண்டாவது, கடன் என்னும் குழியை அறிந்துகொள்ளுங்கள்.

"மூன்று வட்டிதானே" என்கிறோம். மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று என்றால் வருஷத்துக்கு முப்பத்தாறு. ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000 ரூபாய் வட்டி. முப்பத்து நாலு மாதத்தில் வட்டி மட்டும் முதலைத் தாண்டிவிடும். முதல் அப்படியே நிற்கும். மருந்துக்காக வாங்கிய கடன் என்றால் மனது பொறுக்கும். ஆனால் புதுநன்மை விருந்துக்கும், மஞ்சள் நீராட்டுக்கும், கலியாணப் பந்தலுக்கும், ஊர் பார்க்க அணிகிற நகைக்கும் வாங்கிய கடனை யார் தீர்க்கிறார்கள்? வேலைக்குப் போன மூத்த மகன் தீர்க்கிறான். நூல் மில்லிலும் கடையிலும் நின்று உழைக்கிற மகள் தீர்க்கிறாள். அவர்களுடைய தாலந்தை அவர்கள் புதைக்கவில்லை, நாம் புதைத்துவிட்டோம். பெற்றோரே, இதைச் சொல்லுவது கசப்பாயிருக்கலாம். எனினும் யோசித்துப் பாருங்கள்.

கடன் ஒரு ஜனத்தையே வேரோடு பிடுங்கிவிடும் என்பதைத் திருச்சபை அறியும். சோட்டா நாகபுரியில் ஆதிவாசிகள் கடன் கொடுத்தவர்களிடம் நிலங்களை இழந்துகொண்டிருந்த காலத்தில், சேசு சபைக் குருவாகிய ஹாப்மன் சுவாமி 1909-ம் ஆண்டில் அவர்களுக்கென்று கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். ஏழைகள் தங்கள் சிறு சேமிப்பைத் தாங்களே ஒன்றுசேர்த்து, தங்களுக்குள்ளேயே நியாயமான வட்டிக்குக் கொடுத்து வாங்குவதே அதன் முறை. ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்த குருவானவர் கணக்குப் புத்தகத்தையும் ஞானக் காரியத்துக்குப் புறம்பானதாக எண்ணவில்லை.

கடன் வாங்குவதைப் போலவே, பிறர் கடனுக்குப் பிணை நிற்பதும் ஆபத்து. சாலமோனின் நீதிமொழிகள் இதைப் பற்றிப் பலமுறை எச்சரிக்கின்றன. கையெழுத்துக் கேட்கிற சிநேகிதனுக்கு முடிந்ததைக் கையில் கொடுத்து உதவுங்கள். முழுக் கடனையும் நீங்களே கட்ட முடியுமானால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அதிக வட்டி தருகிறோம் என்று ஆசை காட்டுகிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். சென்ற நூற்றாண்டின் கடைசியில் நமது மாநிலத்தில் எத்தனையோ நிதி நிறுவனங்கள் குடும்பங்களின் சேமிப்போடு மூழ்கிப் போயின. அதனாலன்றோ 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே வந்தது! சீட்டுப் போடுகிறவர்கள், அது 1982-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டா என்று கேட்டுப் போடுங்கள். கேட்பது அவமரியாதையல்ல.

மூன்றாவது, தொழிலைக் கனம் பண்ணுங்கள்.

நமதாண்டவர் நாசரேத்தூரிலே தச்சனுடைய மகன் என்று அழைக்கப்பட்டார். அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரில் ஆக்கிலாவின் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். அப்படியிருக்க, மகன் மின்சார வேலை கற்க ஆசைப்பட்டால் "நம் வீட்டுக்கு இது தகுமா?" என்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிறதென்று, நம் பிள்ளைக்கு மனதில்லாத படிப்புக்குக் கடன் வாங்குகிறோம். கல்லூரிப் படிப்பு நல்லதுதான், ஐ.டி.ஐ. படிப்பும் நல்லதுதான். எது அந்தப் பிள்ளையின் கைக்கும் புத்திக்கும் ஏற்றது என்பதே கேள்வி. எசமானும் ஊழியர் எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கவில்லை. அவனவன் திறமைக்குத் தக்கபடியே கொடுத்தான். இரண்டு தாலந்தை நாலாக்கியவனும் ஐந்தைப் பத்தாக்கியவனும் அதே புகழ்ச்சியைத்தான் பெற்றார்கள்.

வேலையில் சேர்ந்த வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, இங்கே என்ன கற்றுக்கொள்வேன் என்றும் கேளுங்கள். வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். 1952-ம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட இந்த நிதிக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் உங்கள் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்கு 12 பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே 12 செலுத்தவேண்டும். வேலை மாறும்போதெல்லாம் அந்தப் பணத்தை எடுத்துப் புது செல்போன் வாங்கிவிடுகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள், பழைய கணக்கைப் புது வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருஷச் சேவை வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கைத் தீர்த்து வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பத்து வருஷம் ஒருபோதும் நிறைவதில்லை.

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் மனதில் சந்தேகம் எழலாம். "பூலோகத்தில் பொக்கிஷம் சேர்க்கவேண்டாமென்று கேட்டிருக்கிறோமே! களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவான் அன்றிரவே செத்தானே!" உண்மைதான். அவன் சேர்த்தது குற்றமல்ல. தனக்கென்று மட்டும் சேர்த்ததே குற்றம். எகிப்தின் சூசையும் களஞ்சியம் கட்டினார். ஆனால் பசித்தவர்களுக்காக அதைத் திறந்தார். பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் வெளியிட்ட "ரேரும் நோவாரும்" என்னும் நிருபத்தில், தொழிலாளிக்குப் போதுமான கூலி கிடைக்கவேண்டுமென்றும், அப்போது அவன் சிக்கனமாயிருந்து சிறிது மிச்சம் பிடித்துச் சொந்தமாக ஏதேனும் தேடிக்கொள்ளக் கூடுமென்றும் போதித்தார். சிக்கனம் வேறு, உலோபித்தனம் வேறு. முதல் சம்பளத்தில் ஒரு பங்கு ஏழைக்குப் போகட்டும். அடுத்த பங்கு சேமிப்புக்குப் போகட்டும். மிச்சத்தில் குடும்பம் நடக்கட்டும். இந்த ஒழுங்கில் நடக்கிறவனைப் பணம் ஆளுவதில்லை. அவனே பணத்தை ஆளுகிறான்.

கடைசியாக, பெற்றோரே, பெரும்பாலான வீடுகளில் பணத்தைப் பற்றிய பேச்சு சண்டையில் மட்டுமே வருகிறது. எவ்வளவு கடன் இருக்கிறது, எந்த நகை அடகில் இருக்கிறது, எந்தக் கையெழுத்தால் வீடு தவிக்கிறது என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அவமானம் என்று மறைக்கிறோம். மறைத்த அனுபவமும் புதைத்த தாலந்துதான்! நீங்கள் பட்ட கஷ்டத்தை உங்கள் பிள்ளை மறுபடியும் விலை கொடுத்து வாங்கவேண்டுமா? நீங்கள் தாழ்ச்சியோடு வாய் திறந்தால், அவன் இருபது வருஷத்தை லாபமாக்கிக்கொள்வான்.

ஆகையால் இந்த வாரத்துக்கு ஒரு தீர்மானம். இன்று இரவு குடும்பச் செபமாலை முடிந்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வீட்டின் வரவையும் கடனையும் பிள்ளைகள் முன்பாக எழுதுங்கள். "உன் வயதில் எனக்குத் தெரிந்திருக்கவேண்டியது இது" என்று ஒரே ஒரு காரியத்தையாவது மனந்திறந்து சொல்லுங்கள். பிறகு, அவன் சம்பாத்தியத்தில் அவனுக்கென்று சேரவேண்டியது எவ்வளவு என்பதைச் சேர்ந்து தீர்மானித்து, அதில் கை வைக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கு உங்களுக்குக் கஷ்டமாயிருக்கலாம். ஆனாலும் ஒப்படைத்த தாலந்துக்குக் கணக்குக் கேட்க எசமான் வரும் நாளில், பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கே கணக்கு ஒப்புவிப்பார்கள். உழைப்பாளியாகிய அர்ச். சூசையப்பர் நமது குடும்பங்களுக்காக மன்றாடுவாராக.

ஆமென்.