சத்திரமும் கப்பலும்

கப்பலில் உல்லாசப் பிரயாணம் போய்வந்தவர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. கரை இறங்கி ஒரு மாதம் ஆனாலும் அவர்கள் கப்பலை விட்டு இறங்குவதில்லை. எதிரே வருகிறவர்களையும் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு விடுவார்கள்.

என் மனைவியின் தம்பி சுங்குவார்சத்திரத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வெகுநாள் ஆசைப்பட்டு, பணம் சேர்த்து, மனைவி மக்களுடன் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி வந்தான். போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு ஷிப்டுக்குக் கிளம்புமுன், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைக்கு என்னை அழைத்துப் போய்க் கதையை ஆரம்பித்தான்.

கதை என்னவோ நல்ல கதைதான். இரண்டாம் நாள் இரவு கடல் கொந்தளித்ததாம். அவன் மனைவி, "இனி ஜன்மத்தில் கப்பல் ஏறமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் படுத்தவள், விடியும்வரை எழுந்திருக்கவில்லையாம். பையனின் ஒரு செருப்பு காற்றில் பறந்து வங்காள விரிகுடாவுக்குக் காணிக்கையாயிற்று. சின்னப் பெண் காணாமல் போய், மாஜிக் ஷோ நடந்த மண்டபத்தில் நாற்காலிக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் கரை இறங்கப் புதுச் சட்டை போட்டுத் தயாராக நின்றவர்களிடம், அலை அடங்கவில்லை, இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கு அவன் வருத்தப்படவில்லை. 2022 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து போன ஓர் உல்லாசக் கப்பல் புதுச்சேரிக்கு அருகே வந்து நின்று, பிரயாணிகளை இறக்க அரசாங்கத்தின் அனுமதி கிடைக்காமல் திரும்பியது அவனுக்கு ஞாபகம் இருந்தது. "கடலில் இதெல்லாம் சகஜம், மாமா" என்று பழுத்த மாலுமியைப் போலச் சொன்னான்.

"ஆனால் ஒரே ஒரு குறை. அன்று ராத்திரி இவளுக்கு எலுமிச்சம்பழ ரசம் கேட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பையன் கொண்டுவந்தான். அதிலும் பாதி தட்டில் கொட்டியிருந்தது!"

"கடல் அப்படி ஆடியதே, அந்தப் பையனுக்கு மயக்கம் வரவில்லையா?" என்று கேட்டேன்.

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "அதை யார் கேட்டார்கள், மாமா? அதற்குத்தானே பணம் கட்டியிருக்கிறோம்!"

என் மைத்துனன் நல்லவன். யாரையும் அவமதித்துப் பேசத் தெரியாதவன். ஆகையினால்தான் அவன் சொன்ன வார்த்தை என்னை விடவில்லை. "பணம் கட்டியிருக்கிறோம்" என்று நாமும் எத்தனை இடங்களில் சொல்லியிருப்போம்! பணம் கட்டிவிட்டால் கணக்கு உண்மையிலேயே தீர்ந்துவிடுகிறதா?

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்ஸஸ்' என்ற கப்பல் நிறுத்தி வைக்கப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2,666 பிரயாணிகள், 1,045 சிப்பந்திகள், ஆக 3,711 பேர் அதில் இருந்தார்கள். உள்ளே கொரோனா புகுந்துவிட்டது. பிப்ரவரி 5-ஆம் தேதி முதல் பிரயாணிகள் அவரவர் அறையிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. உல்லாசமாகச் சுற்ற வந்தவர்களுக்கு நான்கு சுவர்களே உலகமாயின. பாவம், பெரும்பாலோர் வயதானவர்கள். சிலர் உயிரையே இழந்தார்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அறைக்குள் அடைபட்டவர்கள் மூன்று வேளையும் சாப்பிட வேண்டுமே! யார் சமைப்பது? யார் கதவைத் தட்டித் தட்டை நீட்டுவது? சிப்பந்திகள்தான். அவர்களுக்கு மட்டும் அறைக்குள் இருக்கும் உத்தரவு இல்லை. பகலெல்லாம் வேலை செய்தார்கள். இரவில் கீழ்த்தளத்தில் ஓர் அறையை இரண்டு மூன்று பேராகப் பகிர்ந்துகொண்டு தூங்கினார்கள். பிப்ரவரி 9-ஆம் தேதிக்குள் நோய் உறுதியான சிப்பந்திகள் 20 பேர். அவர்களில் 15 பேர் உணவு தொடர்பான வேலை பார்த்தவர்கள். அந்தக் கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேர் என்று அரசாங்கம் சொல்லிற்று. அவர்களில் பிரயாணிகள் ஆறே ஆறு பேர். மற்ற 132 பேரும் தட்டைத் தூக்கிய பக்கத்தில் இருந்தவர்கள்! எங்களையும் பிரித்து வையுங்கள், ஊருக்கு அழைத்துப் போங்கள் என்று அவர்களில் சிலர் காணொளியில் மன்றாடினார்கள். அந்த மாதக் கடைசியில் 119 இந்தியர்கள் விமானத்தில் தாய்நாடு வந்து சேர்ந்தார்கள்.

இதற்கு எட்டு வருஷம் முன்பு, 2012 ஜனவரி 13-ஆம் தேதி இரவு, இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். பிரயாணிகள் பலர் கப்பலில் இருக்கும்போதே காப்டன் இறங்கிவிட்டார்; பிற்பாடு அவருக்குப் பதினாறு வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. இறந்தவர்களில் ஒருவர் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்த இந்தியர். மற்றவர்கள் தப்புவதற்கு அவர் உதவிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவருடைய எலும்புகள் 2014 நவம்பரில், ஜெனோவாவில் கப்பலை உடைக்கும்போதுதான் கிடைத்தன.

அந்த மனிதருக்குக் கொடுத்த சம்பளம் எதற்கு? பரிமாறுவதற்கு. அன்று இரவு அவர் செய்ததற்கு எந்தச் சம்பளப் பட்டியலில் விலை எழுதியிருக்கிறது?

கூலி என்பது பேசிய வேலைக்குப் பேசிய பணம். கடல் அமைதியாக இருக்கும்வரை அந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். கடல் பொங்கினாலோ, கொள்ளை நோய் வந்தாலோ, பேசாத ஒன்று நடுவில் வந்து நிற்கிறது. நமக்கு ஆபத்து வரும்போது நாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறோம்; ஒருவன் வெளியே நிற்கிறான். அவன் வெளியே நிற்பதால்தான் நம் கதவு மூடியிருக்க முடிகிறது. இதற்கு டிக்கெட்டில் பணம் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது.

"எல்லோருக்கும் இப்படிக் கடன்பட்டால் மனிதன் வாழ முடியுமா? டீ ஆற்றுகிறவனுக்கு, பஸ் ஓட்டுகிறவனுக்கு, குப்பை அள்ளுகிறவனுக்கு என்று கும்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கடனைத் தீர்க்க யாராலும் முடியாது. ஆனால் தீர்க்க முடியாத கடன் வேறு, இல்லாத கடன் வேறு. முதலாவதை இரண்டாவது என்று நினைத்துக்கொள்வதுதான் பிசகு.

நான் உட்கார்ந்திருந்த ஊரின் பெயரைப் பாருங்கள். சத்திரம்! வழிப்போக்கனுக்குத் திண்ணை கொடுத்து, சோறு போட்டு, காசு கேட்காமல் அனுப்பிய தர்மத்தின் பெயர் அது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழி அந்தக் காலத்து வழிப்போக்கனுக்குப் பொருந்திற்று. இன்று உப்புக்கு நாம் காசு கொடுத்துவிடுகிறோம். நல்லதுதான், தானத்தைவிடக் கூலி கௌரவமானது. ஆனால், காசோடு சேர்த்து நினைப்பையும் கொடுத்துத் தீர்த்துவிட்டோமோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் மைத்துனன் சொன்ன கதையில் அவன் இருந்தான், மனைவி இருந்தாள், பறந்துபோன செருப்புக்கூட இருந்தது. ஆடுகிற கப்பலில் முக்கால் மணி நேரம் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்த பையன் மட்டும் இல்லை. அவன் சிந்திய ரசம்தான் இருந்தது.

"அவன் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"சட்டையில் எழுதியிருந்தது, மாமா. நான் படிக்கவில்லை" என்றான். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. ஷிப்டு முடிந்த பெண்கள் தூக்கக் கலக்கத்துடன் இறங்கினார்கள். அவர்கள் செய்த சாமான்கள் எந்தெந்த தேசத்து வீடுகளுக்கோ போகின்றன. அங்கே இருப்பவர்களும் பணம் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். என் மைத்துனன் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான்.

அந்த அட்டையில் அவன் பெயர் எழுதியிருந்தது.